விலையேற்றமும் அரசின் சொல்லும்

விலையை உயர்த்துதல் ஒரு செயல். அதனை மக்களுக்கு உணர்த்துதல் மற்றொரு செயல். முன்னதைக் கணக்கு நிருணயிக்கலாம். பின்னதை நிருணயிப்பது நம்பிக்கையே. ஈழநாட்டின் அண்மைக்கால எரிபொருள் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

2018ஆம் ஆண்டு மே மாதத்தில், நிதியமைச்சர் மங்கள சமரவீரவின் காலத்தில், எரிபொருள் விலைச்சூத்திரம் நடைமுறைக்கு வந்தது. இறக்குமதிச் செலவு, கையாளுஞ் செலவு, நிருவாகச் செலவு, வரி என்னும் நான்கும் அதன் கூறுகள். உலகச் சந்தைக்கேற்ப மாதந்தோறும் விலை திருத்தப்படும். ஏன் ஏறிற்று என வினவுவோர்க்குக் கணக்கையே காட்டலாம். இதுவே அம்முறையின் சிறப்பு. ஆயினும், அவ்வாண்டு யூலையில் அறிவிக்கப்பட்ட உயர்வு சனாதிபதியின் பணிப்பால் உடனே மீளப்பெறப்பட்டது. சில நாட்களில் மீண்டும் நடைமுறையாயிற்று. சூத்திரம் ஒன்று, சொல் இரண்டு எனின், மக்கள் ஐயுறுதல் இயல்பன்றோ?

2021 யூனில் பெற்றோல் லீற்றர் 137 ரூபாயிலிருந்து 157 ரூபாயாயிற்று. அறிவித்த அமைச்சர் உதய கம்மன்பில பதவி விலகவேண்டும் என ஆளுங்கட்சியின் பொதுச் செயலாளரே கோரினார். அமைச்சரோ, அது தமது தனிமுடிவன்று என்றார். பொறுப்பை ஒருவர்மீது ஒருவர் சுமத்துமிடத்து, காரணம் எத்துணை நேரியதாயினும் கேட்போர் செவியில் ஏறாது.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தது. அடக்கவிலைக்குக் குறைவாக விற்றதனால் நேரும் இழப்பை நீக்குதல், வறியோர்க்கும் தோட்ட, கடற்றொழில் மக்களுக்கும் நேரடிப் பணவுதவி அளித்தல் என்பன அரசு கூறிய விளக்கம். பொருளியல் நோக்கில் அது பொருந்துவதே. ஆனால், கொத்மலை மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அந்நாளில் விதிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,000 ரூபாய். ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் அதன் மூன்றிலொரு பங்கை விஞ்சிற்று. விலை உடனே ஏறியது. உதவியோ பின்னர் வருவதாயிருந்தது. லயத்து அடுப்பு அதுவரை காத்திருக்குமா?

இவற்றால் நாம் அறிவன மூன்று: கணக்கு வெளிப்படையாதல் வேண்டும், அறிவிப்போரே பொறுப்பும் ஏற்றல் வேண்டும், வறியோர்க்குரிய உதவி விலையேற்றத்துக்கு முன்னரே அவர் கைசேர்தல் வேண்டும். இம்மூன்றனுள் இறுதியதே தலையாயது. முதலிரண்டும் சொல்லின் நேர்மை. மூன்றாவது செயலின் நேர்மை. இறைமாட்சி வகுத்த வள்ளுவர், மக்கள் எளிதில் அணுகத்தக்கவனாய் மன்னன் இருத்தலை வலியுறுத்தினார். 1985 முதல் கொத்மலை நீர்த்தேக்கம் நாட்டுக்கு மின்னாற்றல் வழங்கிவருகின்றது. அதனைச் சூழ்ந்த தோட்டங்களின் மக்கள் அரசிடம் வேண்டுவது இனிய சொல்லன்று. சொன்ன நாளிலேயே கைக்கு எட்டும் சொல்லாகும்.