குழந்தை மரண விசாரணையும் இரகசியமும்

குழந்தையொன்று அகாலத்தில் மாண்டால் அதன் காரணத்தை ஆராய்வது யார் கடமை? 1978-ம் வருஷத்தில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் ஜில்லாவில் பல இலாகாவினரும் சேர்ந்த குழுவொன்று இதற்கென ஏற்பட்டது. பின்னர் இம்முறை இதர மாகாணங்களிலும் பரவிற்று.

பிரேத விசாரணை அதிகாரி மரணம் நேர்ந்த விதத்தைச் சொல்லுகிறார். போலீஸார் சம்பவ ஸ்தலத்தின் நிலைமையைத் தெரிவிக்கின்றனர். குழந்தைப் பாதுகாப்பு இலாகாவினர் அக்குடும்பத்தைப் பற்றி முன்பே புகார் வந்ததுண்டா என்பதைக் கூறுகின்றனர். குழந்தை வைத்தியர் நோய்க்குறிகளையும், அரசாங்க வக்கீல் சட்டத்தையும் விளக்குகின்றனர். தனித்தனியே ஒவ்வொருவரும் அறிந்தது சொற்பம். கூடிப் பேசும்போதே உண்மை துலங்குகிறது.

இக்கூட்டங்களில் பொதுஜனங்களுக்குப் பெரும்பாலும் பிரவேசமில்லை. இரகசியங் காப்பதாக அங்கத்தினர் கையொப்பமிடுகின்றனர். மூடிய கதவு பத்திரிகைக்காரராகிய நமக்கு உவப்பானதன்று. ஆயினும், துக்கத்திலாழ்ந்த தாயின் வீட்டு விவகாரம் சந்திக்கு வருவது தகாது. தம் பிழையை ஒப்புக்கொள்ள வரும் உத்தியோகஸ்தரும் அஞ்சாமல் வாய் திறக்க வேண்டும். குற்றவாளியைத் தண்டிப்பது நியாயஸ்தலத்தின் வேலை. அடுத்த குழந்தையைக் காப்பது குழுவின் வேலை.

ஆனால், இவ்விரகசியம் இலாகாக்களின் அசட்டையை மறைக்கும் திரையாகிவிடலாகாது. பெயர்கள் மறைந்திருக்கட்டும், படிப்பினைகள் வெளிவரட்டும். வேலியில்லா நீச்சற்குளத்தில் மூழ்கியும், பெரியோர் படுக்கையில் மூச்சுத் திணறியும் சிசுக்கள் மடிவதை ஊரார் அறியாமற்போனால், குழு கூடியதன் பயன்தான் என்ன?