ஆமையின் விலாசத்தைக் கண்டுபிடித்தவர்!

நள்ளிரவு. கும்மிருட்டு. கடலில் இருந்து ஒரு பெரிய ஆமை மெல்லக் கரை ஏறுகிறது. முட்டை இட இடம் தேடுகிறது.

அங்கே ஒரு ஆள் காத்திருக்கிறான். ஓடி வந்து ஆமையைப் பிடிக்கிறான். அதை மல்லாக்கத் தள்ளுகிறான். அவ்வளவுதான்! மல்லாந்த பேராமையால் புரண்டு எழ முடியாது. பிறகு படகு வரும். ஆமை கறிக்குப் போகும். முட்டைகளும் அதோடு போகும்.

மத்திய அமெரிக்காவில் கோஸ்டாரிகா என்று ஒரு சிறு நாடு இருக்கிறது. அங்கே டோர்ட்டுகேரோ என்ற கடற்கரையில் 1950-களில் நடந்தது இது. கரையின் நீளம் சுமார் 35 கிலோமீட்டர். மணல் கறுப்பு. நம் மீனவர்கள் பேராமை என்று சொல்லும் பச்சை ஆமைகள் அங்கே கூட்டம் கூட்டமாக முட்டை இட வரும். அந்த ஆமையின் கறிக்கும் சூப்புக்கும் வெளிநாடுகளில் நல்ல விலை.

இந்தக் கரைக்கு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் வந்தார். அவர் பெயர் ஆர்ச்சி கார்.

மாலுமிகள் சொன்ன கதை

கார் 1909-ம் ஆண்டு பிறந்தவர். புளோரிடா பல்கலைக்கழகத்தில் 1937-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கேயே பேராசிரியர் ஆனார். 1952-ல் ஆமைகளைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார்.

ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் அவருக்கு விடை கிடைக்கவில்லை. முட்டை இட்டபின் கடல் ஆமை எங்கே போகிறது?

ஆமை பிடிக்கும் கேமன் தீவு மாலுமிகள் ஒரு கதை சொன்னார்கள். பிடித்த ஆமைகளுக்கு அவர்கள் அடையாளம் இடுவது வழக்கம். சில சமயம் புயலில் ஆமைகள் தப்பிவிடும். பல நாள் கழித்து, அதே ஆமை முன்பு பிடிபட்ட அதே இடத்தில் மறுபடி அகப்படுமாம்! தன் இடம் அதற்குத் தெரியும் என்றார்கள் மாலுமிகள்.

கார் இதைக் கட்டுக்கதை என்று தள்ளவில்லை. சோதித்துப் பார்க்கத் தீர்மானித்தார்.

மாட்டுக்குப் போடும் தகடு

1955-ல் டோர்ட்டுகேரோவில் வேலை தொடங்கியது. ஆமை ஓட்டில் துளை போட்டு, கம்பியால் ஒரு தகட்டைக் கட்டினார்கள். அது நிலைக்கவில்லை. ஆண் ஆமைகள் ஓட்டைப் பற்றும்போது தகடு பிய்ந்துபோயிற்று.

பிறகு வேறு யோசனை தோன்றியது. மாட்டின் காதில் அடையாளத்துக்குப் போடும் உலோகத் தகட்டை, ஆமையின் முன் துடுப்பில் மாட்டினார்கள். அது நிலைத்தது! தகட்டில் எண்ணும் விலாசமும் இருந்தன. திருப்பி அனுப்புகிறவருக்கு 5 டாலர் சன்மானம் என்று அறிவித்தார்கள்.

கடிதங்கள் வரத் தொடங்கின. கியூபா, மெக்சிகோ, கொலம்பியா என்று பல நாடுகளில் இருந்து வந்தன. நிகராகுவாவில் இருந்துதான் மிக அதிகம். அங்கே கடலடியில் ஆமை மேயும் புல்வெளிகள் இருக்கின்றன.

ஒவ்வொரு கடிதமும் ஒரு சாவுச் செய்தி! ஆமையைப் பிடித்து அறுத்தவர்களே தகட்டை அனுப்பினார்கள். ஆனால் அந்தக் கடிதங்களால்தான் உண்மை வெளிப்பட்டது. ஆமை ஒரு நாட்டுக் கரையில் முட்டை இடுகிறது. மற்றொரு நாட்டுக் கடலில் மேய்கிறது. பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, அதே கரைக்குத் திரும்பி வருகிறது. மாலுமிகள் சொன்னது பொய் அல்ல!

ஒரு நாடு மட்டும் போதாது

இதில் இன்னொரு பாடமும் இருந்தது. கரையில் மட்டும் காவல் போட்டால் ஆமை பிழைக்காது. மேயும் கடலிலும் அதற்குப் பாதுகாப்பு வேண்டும்.

கார் இதை எங்கும் எடுத்துச் சொன்னார். 1956-ல் அவர் எழுதிய பயண நூல் பலர் மனதைத் தொட்டது. அதைப் படித்தவர்கள் 1959-ல் ஆமைகளுக்காக ஒரு சங்கமே தொடங்கிவிட்டார்கள். 1975-ல் டோர்ட்டுகேரோவைத் தேசியப் பூங்காவாக ஆக்கி, கோஸ்டாரிகா சட்டம் செய்தது.

நிகராகுவாவில் ஆமைக் கறியை வெளிநாட்டுக்கு அனுப்பிய தொழிற்சாலைகள் 1970-களின் பிற்பகுதியில் மூடப்பட்டன. ஆனால் கடலோர மக்கள் தங்கள் உணவுக்குப் பிடிப்பது தொடர்ந்தது. தலைமுறை தலைமுறையாக அதை உண்டு வாழ்ந்தவர்கள் அவர்கள். ஆகவே பிரச்னை முழுதும் தீர்ந்துவிடவில்லை.

கார் 1987-ல் காலமானார். அவர் தொடங்கிய வேலை நிற்கவில்லை. டோர்ட்டுகேரோவில் இன்றும் ஆமைகளுக்குத் தகடு மாட்டுகிறார்கள்.

இன்றும் அந்தக் கரையில் இரவில் ஆமை ஏறி வருகிறது. இருட்டில் ஒருவர் காத்திருக்கிறார். ஆமையை மல்லாக்கத் தள்ள அல்ல. அது முட்டை இட்டு முடித்ததும் தகடு மாட்டிக் கடலுக்கு அனுப்பிவைக்க!