மிதிவண்டி விபத்தும் மருத்துவக் குறிப்பும்

மிதிவண்டியினின்று விழுந்து கை முறிந்து ஆஸ்பத்திரியை அடைந்தவனை நோக்கி வைத்தியர் முதலில் வினவுவது, "எங்கே வலிக்கிறது?" என்பதாம். "எதன்மீது மோதினாய்?" என்னும் வினா அதற்குப் பின்னரே எழும், சில வேளைகளில் எழாமலே போவதும் உண்டு. காயத்தை ஆற்றுதற்கு முதல் வினாவின் விடை பெரும்பாலும் போதும். ஆயின், அதே சாலையில் மற்றொருவன் விழாதிருக்கவேண்டுமாயின், இரண்டாம் வினாவின் விடையும் ஏட்டில் ஏறவேண்டும். அஃது எங்ஙனம் ஏறுகின்றது, ஏறாவிடின் நேரும் குறை யாது என்பவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சி நமக்குப் புறம்பானதன்று. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் நோயாளர் குறிப்புகளைப் படித்து, அவற்றிற்குரிய குறியீடுகளை இடும் தொழில் இந்நாளில் சென்னை முதலிய நம் நகரங்களில் நடைபெறுகின்றது. உயிரியல் கற்ற பட்டதாரிகள் பலர் அத்தொழிலில் அமர்ந்துள்ளனர். ஆதலின் இது வைத்தியராகப் போகும் மாணவர்க்கும், குறியீட்டாளராகப் போகும் மாணவர்க்கும் ஒப்ப உரியது.

மரண காரணங்களை எல்லா நாட்டாரும் ஒரே முறையில் வகுத்தல் வேண்டும் என்னும் கருத்துப் பழைமையானது. பிரெஞ்சு நாட்டுப் புள்ளியியலறிஞர் ழாக் பெர்ட்டியோன் என்பார் தொகுத்த அட்டவணை, 1893-ஆம் ஆண்டில் சிகாகோ நகரிற் கூடிய சர்வதேசப் புள்ளியியற் கழகத்தில் ஏற்றுக்கொள்ளப் பெற்றது. 1948-இல் அதன் ஆறாம் திருத்தம் உலக சுகாதார ஸ்தாபனத்தின் பொறுப்பில் வெளிவந்தபோது, மரணத்தோடு நோயும் காயமும் அதில் முறையாக இடம் பெற்றன. பத்தாம் திருத்தம் 1990-இல் ஏற்கப்பட்டது. பதினோராவது 2022-இல் நடைமுறைக்கு வந்தது. எனினும் அமெரிக்க ஆஸ்பத்திரிகள் 2015 அக்டோபர் முதல் பத்தாம் திருத்தத்தின் விரிந்த வடிவம் ஒன்றையே கையாண்டு வருகின்றன. யாம் கூறுவது அதனைப் பற்றியதே.

இம்முறையில் மிதிவண்டி விபத்து ஒன்றிற்கு இருவகைக் குறியீடுகள் வேண்டும். ஒன்று காயம் இன்னதென்பது. இது பெரும்பாலும் 'எஸ்' என்னும் எழுத்தில் தொடங்கும். மற்றொன்று காயம் இன்னதால் விளைந்ததென்பது. இது 'வி' என்னும் எழுத்தில் தொடங்கும். மிதிவண்டியில் சென்று காயமுற்றோர்க்கு வி 10 முதல் வி 19 வரை பத்துப் பிரிவுகள் உள. எதனோடு மோதினர் என்பதே பிரிவின் அடிப்படை. நடந்து செல்வோரோடோ விலங்கோடோ மோதினால் வி 10. மற்றொரு மிதிவண்டியாயின் வி 11. இரு சக்கர, மூன்று சக்கர மோட்டார் வண்டியாயின் வி 12. காராயின் வி 13. லாரி அல்லது பஸ்ஸாயின் வி 14. ரயிலாயின் வி 15. மோட்டார் இல்லாத பிற வண்டியாயின் வி 16. சுவர், கம்பம் போன்று நிலைத்து நிற்கும் பொருளாயின் வி 17. எதனோடும் மோதாமல் விழுந்தால் வி 18. இவற்றுள் அடங்காதனவும் தெளிவில்லாதனவும் வி 19. மிதிவண்டி மோதி நடந்து சென்றவர் காயமுற்றால், விபத்து ஒன்றேயாயினும், அவர்க்குரிய பிரிவு வேறு; அது வி 01.

இதன்பின் வரும் நான்காம் எண், அவர் வண்டியை ஓட்டினவரா, உடன் அமர்ந்து சென்றவரா, ஏறும்போதோ இறங்கும்போதோ அடிபட்டவரா, இடம் பொதுச்சாலையா அன்றா என்பவற்றை உணர்த்தும். ஏழாம் இடத்தில் ஓர் எழுத்து வரும். காயத்திற்கு நேரான சிகிச்சை நடைபெறுங்கால் 'ஏ'. ஆறிவரும் நிலையில் 'டி'. நெடுநாட்பின் தோன்றும் விளைவிற்கு 'எஸ்'. 'ஏ' என்பது முதல் வருகையைக் குறிக்கும் என்று புதியோர் மயங்குவர். அது வருகையின் எண்ணிக்கையைப் பற்றியதன்று, சிகிச்சையின் தன்மையைப் பற்றியது. எலும்பு முறிவின் குறியீட்டிற்கோ, தோல் கிழிந்த முறிவு, கூடாத முறிவு, கோணலாய்க் கூடிய முறிவு எனப் பின்னும் பல எழுத்துக்கள் உள.

ஓர் உதாரணம் காட்டுவோம். 1896-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், நியூயார்க் நகரில் டூரியா என்னும் மோட்டார் வண்டி ஒன்று, மிதிவண்டியில் சென்ற ஒரு பெண்மணிமீது மோதிற்று. அவர் கால் முறிந்தது. அமெரிக்காவின் மோட்டார் விபத்துக்களுள் முதலாவதாக இதனைப் பலர் குறிப்பிடுவர். இதற்கு இன்று குறியீடு இடப் புகுவோமாயின், காரணம் எளிதிற் கிடைக்கின்றது: ஓட்டினவர், கார், பொதுச்சாலை, ஆகவே வி 13.4. காயத்திற்கு வருங்கால் நம் கை தடைப்படுகின்றது. வலக்காலா, இடக்காலா? எந்த எலும்பு? தோல் கிழிந்ததா? "கால் முறிந்தது" என்னும் சொற்களுக்கு எஸ் 82.90 என்பதற்கு மேல் எழுதுதற்கில்லை. 'பக்கம் குறிக்கப்படாத கீழ்க்காலின் குறிக்கப்படாத முறிவு' என்பதே அதன் பொருள்.

இன்றைய குறிப்புகளில் இக்குறை தலைகீழாகக் காணப்படும். எலும்பின் பெயரும் பக்கமும் செவ்வனே இருக்கும். காரணமோ "மிதிவண்டி விபத்து" என்ற இரு சொற்களில் முடிந்துவிடும். குறியீட்டாளர் அதனை வி 19.9 என்னும் தெளிவிலாப் பிரிவில் இடுவதன்றி வேறு வழியில்லை. லாரி மோதியதாயிருக்கலாம் என்று ஊகித்தல் அவர்க்குத் தகாது. வைத்தியரை வினவலாம், அவ்வினாவும் ஒரு விடையை நோக்கி அவரை இழுப்பதாக இருத்தலாகாது. காரணக் குறியீட்டை முதற் குறியீடாக வைத்தல் கூடாது என்பது விதி. அதனை இட்டே தீரவேண்டும் என்று நாடு முழுமைக்குமான கட்டளையும் அமெரிக்காவில் இல்லை. ஆதலின் இது எளிதில் கைவிடப்படுகின்றது.

இதனால் இழப்பு யார்க்கு? ஒரு நகரத்தில் வி 14 மிகுந்து காணப்படின், லாரிகளையும் மிதிவண்டிகளையும் வேறு வேறு வழியிற் செலுத்தவேண்டும் என்று நகர சபையார் உணர்வர். வி 17 மிகின், எக்கம்பம் எவ்விடத்தில் நிற்கின்றது என்று தேடுவர். வி 19.9 மிகின், மிதிவண்டியினின்று பலர் அடிபட்டனர் என்பதன்றி ஒன்றும் அறியார். நோயாளி குணமடைந்து வீடு செல்வார். அவரை வீழ்த்திய சாலை அப்படியே கிடக்கும்.

வைத்தியர் எழுதவேண்டுவது மிகுதியன்று. "பொதுச்சாலையில் தாமே மிதிவண்டி ஓட்டிச் சென்றவர், பின்வந்த கார் மோதிற்று, வலக்கை ஆரை எலும்பின் கீழ்முனை முறிவு, தோல் கிழியவில்லை." இந்நான்கு சிறு வாக்கியங்களில் வேண்டுவன யாவும் அடங்கின.

எரிகோவுக்குச் செல்லும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் உவமையை நாமெல்லாம் அறிவோம். சுவிசேஷகர் நால்வருள் அதனை எழுதினவர் லூக்கா ஒருவரே. அவர் வைத்தியர் என்பது திருச்சபையின் தொன்றுதொட்ட வழக்கு. எவ்வழியில், யாரால் அடியுண்டான், காயத்தில் வார்த்தது எது, எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தனர், எத்தனை பணம் கொடுத்தனர் என்பவெல்லாம் அதில் ஒன்றும் விடாமல் சொல்லப்பட்டுள்ளன. நம் மாணவருள் நாளை வைத்தியராவோர் காயம் கட்டுங்கால் அச்சமாரியனையும், எழுதுகோல் எடுக்குங்கால் அவ்வைத்தியரையும் நினைவிற் கொள்வாராக.