ஒரே அரண்மனையில் இரண்டு டிராகுலாக்கள்

1930-ஆம் ஆண்டின் பிற்பகுதி. கலிபோர்னியாவின் யுனிவர்சல் ஸ்டூடியோவில் பகல் முழுக்க ‘டிராகுலா’ படப்பிடிப்பு நடக்கும். இயக்குநர் டாட் பிரவுனிங். ரத்தக்காட்டேரியான டிராகுலா பிரபுவாக பெலா லுகோசி. அவர்கள் கிளம்பிப் போனதும் இன்னொரு குழு உள்ளே வரும். அதே செட், அதே கதை. வசனம் மட்டும் ஸ்பானிஷ். விடிய விடியப் படம் பிடிப்பார்கள்.

ஒரே கதையை எதற்காக இரண்டு முறை எடுத்தார்கள்? காரணம் ஒலிப்பதிவு. ஊமைப்படக் காலத்தில் மொழி ஒரு தடையாகவே இருக்கவில்லை. நடுநடுவே வரும் எழுத்து அட்டைகளை மாற்றிவிட்டால் படம் எந்த நாட்டிலும் ஓடும். 1927-க்குப் பிறகு பேசும்படம் பரவியதும் அந்த வசதி போய்விட்டது. வசனமும் மற்ற ஓசைகளும் படப்பிடிப்பின்போதே சேர்ந்து பதிவாயின. அதில் குரலை மட்டும் பிரித்து மாற்ற வழியில்லை. மறுபதிவு செய்தால் ஒலி தேய்ந்துபோகும். ஸ்பெயின், லத்தீன் அமெரிக்கச் சந்தையை விட்டுவிட மனமில்லாத ஸ்டூடியோக்கள் படத்தையே மறுபடி எடுத்தன. ஸ்பானிஷ் தெரியாத நகைச்சுவை ஜோடி லாரலும் ஹார்டியும்கூட, உச்சரிப்பை எழுதிவைத்துப் பார்த்து ஸ்பானிஷில் பேசி நடித்தார்கள்.

ஸ்பானிஷ் டிராகுலாவை இயக்கிய ஜார்ஜ் மெல்ஃபோர்டுக்கும் அந்த மொழி தெரியாது. டிராகுலாவாக நடித்த கார்லோஸ் வில்லாரியாஸ் ஸ்பெயின்காரர். நாயகி லுபிடா தோவர் மெக்சிகோக்காரர். நாயகன் பாரி நார்ட்டன் அர்ஜென்டினாக்காரர். ஒரே கதைக்குள் மூன்று நாட்டு உச்சரிப்பு!

ஆனால் இரவுக் குழுவுக்கு ஓர் அனுகூலம் இருந்தது. பகலில் எடுத்த காட்சிகளைப் போட்டுப் பார்த்து, இதைவிட நன்றாக எப்படி எடுக்கலாம் என்று அவர்களால் யோசிக்க முடிந்தது. பலன் திரையில் தெரிகிறது. ஸ்பானிஷ் படத்தில் டிராகுலா படிக்கட்டில் தோன்றும்போது ஒளிப்பதிவாளர் ஜார்ஜ் ராபின்சனின் கேமரா அவரை நோக்கி மிதந்து மேலேறுகிறது. சவப்பெட்டியிலிருந்து அவர் எழும் இடத்தில் புகை கிளம்பிவருகிறது; ஆங்கிலப் படமோ அந்த நேரத்தில் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறது. கண்ணாடியில் தன் பிம்பம் விழவில்லை என்பது அம்பலமாகும்போது லுகோசி அதைக் கையால் தட்டிவிடுகிறார். வில்லாரியாஸ் கைத்தடியால் ஓங்கி அடித்து நொறுக்குகிறார். ஆங்கிலப் படம் சுமார் 75 நிமிடம். ஸ்பானிஷ் படம் அதைவிட ஏறக்குறைய அரை மணி நேரம் நீளம்.

சில ஆண்டுகளில் டப்பிங்கும் சப்டைட்டிலும் தேறிவிட, இப்படி இரட்டைப் படம் எடுக்கும் வழக்கம் ஓய்ந்தது. ஸ்பானிஷ் டிராகுலாவும் மறக்கப்பட்டது. பிற்பாடு அமெரிக்காவில் கிடைத்த பிரதியில் ஒரு ரீல் சிதைந்துபோயிருந்தது. அந்தப் பகுதி கியூபாவின் ஹவானா திரைப்படக் காப்பகத்தில் இருந்த பிரதியிலிருந்து கிடைத்தது. 2015-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இந்தப் படத்தைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது.

கதை, செட் இரண்டும் பொதுவாக இருக்க, நடிப்பும் கேமராவும் ஒரு படத்தை எவ்வளவு தூரம் மாற்றும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் சான்று சினிமாவில் அரிது. சினிமா கற்க விரும்புகிறவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். படிக்கட்டுக் காட்சியிலிருந்தே பாடம் தொடங்கிவிடும்.