மனப்பாடத்திலிருந்து வாசிப்புக்கு

புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்த காலத்தில், தமிழகத்தின் மற்ற ஊர்களைப் போலவே, பிள்ளைகளின் முதல் எழுத்து திண்ணைப் பள்ளியின் மணலில்தான் விழுந்தது. வாத்தியார் சொல்லச் சொல்ல விரலால் எழுதி, உரக்கச் சொல்லி, பிறகுதான் ஓலைக்கும் எழுத்தாணிக்கும் போனார்கள். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி எல்லாம் வாய்ப்பாடம். சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவன் சின்னவர்களைச் சொல்லவைப்பான். சென்னைப் பக்கம் இந்த முறையைக் கண்ட ஆண்ட்ரூ பெல், 1797இல் அதைப் பற்றி நூல் எழுதினார். அதன்வழி இங்கிலாந்துப் பள்ளிகளிலும் பிள்ளைகள் மணலில் எழுதினார்கள்.

மனப்பாடம் என்றதும் இன்று நாம் முகம் சுளிக்கிறோம். ஆனால், அதற்கு அன்று தக்க காரணம் இருந்தது. ஓலையில் புள்ளி வைத்தால் கிழியும் என்பதால் பெரும்பாலும் வைக்க மாட்டார்கள். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் கண்ணால் காணும் வேறுபாடு இல்லை. சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. பாட்டு முன்பே நாவில் இருந்தால்தான் ஓலை பேசும். அச்சு வந்தது, புள்ளி நிலைத்தது, வீரமாமுனிவரின் சீர்திருத்தத்தால் குறிலும் நெடிலும் பிரிந்தன. பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட மாற்றங்களில் பலவற்றை, 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஏற்றது. ணா, றா, னா, லை, னை போன்றவை மற்ற எழுத்துகளின் ஒழுங்குக்குள் வந்தன. இனி, முன்பின் கேளாத சொல்லைக்கூட எழுத்தைக் கொண்டே வாசித்துவிடலாம். எழுத்து மாறிய பிறகும் வகுப்பறை நெடுங்காலம் பழைய வழியிலேயே நடந்தது. முதலில் 247 எழுத்தும் ஒப்பிக்க வேண்டும், வாசிப்பு பிறகு.

அந்தத் திண்ணையும் எல்லாருக்கும் இடம் தரவில்லை. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்து, பின்னாளில் மருத்துவரான முத்துலட்சுமி ரெட்டியால், மன்னரின் அனுமதியோடுதான் ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரிக்குள் நுழைய முடிந்தது. கல் உடைப்பவர் வீட்டிலும் கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டிலும் பெண் பிள்ளைக்கு எழுத்து என்ற பேச்சே இல்லை.

அந்த நிலையை மாற்றியது, வளர்ந்தவர்களுக்கு எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கம். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, சம்பளம் வாங்காத தொண்டர்கள் மாலையில் தெருவிளக்கடியில் பாடம் நடத்தினார்கள். கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் எழுத்தோடு சைக்கிளும் பழகினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதி உலகறியச் செய்தார். வளர்ந்தவர்களை உட்காரவைத்து எழுத்து வரிசையை ஒப்பிக்கச் சொல்ல முடியாது. எனவே அங்கே பாடம் அவர்கள் வாழ்க்கையில் புழங்கும் சொல்லில் தொடங்கியது. அதைப் பேசி, பிறகு எழுத்தாகப் பிரித்து, அந்த எழுத்துகளால் வேறு சொற்கள் கட்டினார்கள். குழந்தைகளுக்குக் கற்பிப்பவர்களுக்கும் இதில் பாடம் இருந்தது.

இன்று வகுப்பறை கவனிக்கத் தொடங்கியிருக்கும் முதல் செய்தி, காது. ‘மரம்’ என்பதில் எத்தனை ஒலி, முதலில் எது, கடைசியில் எது என்று கேட்டுப் பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் எழுத்து பிடிபடும். அடுத்தது, கூட்டு. க் என்ற மெய்யும் ஆ என்ற உயிரும் சேர்ந்து கா. இந்த ஒரு விதி விளங்கிவிட்டால் 216 உயிர்மெய்யையும் உருப்போட வேண்டியதில்லை. தடுமாற்றம் வரும் இடங்களும் உண்டு. ‘கெ’ என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. பக்கம், தங்கம், பகல் மூன்றிலும் ஒரே க, ஒலி மூன்று.

மூன்றாவது, பேச்சு. வீட்டில் ‘எல’ என்று பேசும் குழந்தைக்கு ‘இ – இலை’ என்ற பாடம் குழப்பமே. பிள்ளை சொன்னதைத் தவறென்று அடிக்காமல், நாம் பேசுவது இப்படி, புத்தகத்தில் இருப்பது அப்படி என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டும் ஆசிரியர் பாதி வேலையை முடித்துவிடுகிறார்.

நான்காவது, பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று பார்ப்பது. 2007 வாக்கில் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், அட்டைகளும் ஏணிப்படியும் தந்து, அவரவர் வேகத்தில் நகரவிட்டது. பெருந்தொற்றுக்குப் பின், 2021இல் இல்லம் தேடிக் கல்வி மாலை நேரத் தன்னார்வலர்களைக் குடியிருப்புகளுக்கே அழைத்துவந்தது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், ஒரே வகுப்புப் பிள்ளைகளையும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துக் கற்பிக்கச் சொன்னது. அன்று எல்லாரும் ஒரே பாடத்தை ஒரே குரலில் சொன்னார்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளையின் குரல் அந்தக் கூட்டத்தில் மறைந்துகொண்டது. இன்று அந்தப் பிள்ளையைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஆசிரியரின் முதல் வேலை.

பழையதில் விடக் கூடாததும் இருக்கிறது. சேர்ந்து பாடிய பாட்டும் விடுகதையும் காதைப் பழக்கின, சொல்லைப் பெருக்கின. எழுத்தைக் கூட்டத் தெரிந்தும் சொல்லின் பொருள் தெரியாவிட்டால் அது வாசிப்பே ஆகாது. திக்கித் திணறினால், வரி முடிவதற்குள் தொடக்கம் மறந்துபோகும். சரளமும் பொருளும் அட்டையால் வராது. நிறையப் படித்துத்தான் வரும்.

இன்னும் பெரிய குறை அங்கேதான். பாடநூல் தவிர வேறு புத்தகமே இல்லாத வீடுகள் பல. 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நிலை பிரித்துச் சிறு கதை நூல்களைப் பள்ளிகளுக்குத் தந்தது நல்ல தொடக்கம். ஞானாலயா போன்ற தனியார் நூலகத்தை ஒரு தம்பதி கட்டி எழுப்பிய ஊர் புதுக்கோட்டை. ஊருக்கு ஊர் பிள்ளைகள் கைநீட்டி எடுக்கும் உயரத்தில் ஓர் அலமாரி வைப்பது இந்த மாவட்டத்துக்குப் பெரிய காரியம் இல்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் இதுவரை பார்க்காத ஒரு கதையைக் கொடுங்கள். அதைப் படித்து, தன் வீட்டுப் பேச்சில் நமக்குத் திருப்பிச் சொல்லட்டும். பள்ளியை அளக்க இதைவிட நேர்மையான தேர்வு வேறில்லை.