'தமிழ்'ல எத்தனை எழுத்து? பைகான் சாப்பாட்டு க்யூல கிடைச்ச பதில்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான். "டாக் எல்லாம் யூடியூப்லயே வந்துடுதே, அப்புறம் எதுக்குக் காசு குடுத்து கான்ஃபரன்ஸ் போகணும்?" நியாயமான கேள்வி.

2019-ல பைகான் இந்தியா நம்ம நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துல நடந்துச்சு. 2009-ல பெங்களூருல ஆரம்பிச்ச மாநாடு, தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்துறது. நான் அப்போ காலேஜ் ஃபைனல் இயர். மேடையில பேசினதுல பாதி புரியல, உண்மையைச் சொல்லிடுறேன். தனியாத்தான் போயிருந்தேன்.

ஓபன் சோர்ஸ் கூட்டங்கள்ல 'பேக்-மேன் ரூல்'னு ஒண்ணு சொல்வாங்க. வட்டமா நின்னு பேசும்போது, இன்னொருத்தர் நுழையுற அளவுக்கு ஒரு இடைவெளி விட்டு நிக்கணும். சாப்பாட்டு க்யூ பக்கத்துல அப்படி ஒரு இடைவெளி தெரிஞ்சுது. நுழைஞ்சுட்டேன்.

என் ப்ராஜெக்ட் ஒரு தமிழ்ச் சொல் விளையாட்டு. எழுத்துக் கணக்கு தப்பாவே வந்துட்டு இருந்துச்சு, அடுத்த வாரம் ரிவியூ. அங்க நின்ன ஒரு அண்ணாகிட்ட புலம்பினேன். அவர் லேப்டாப்பைத் திறந்து, பைத்தான்ல 'தமிழ்'னு அடிச்சு நீளம் கேட்டார். 5. நம்ம கண்ணுக்கு மூணு எழுத்துதானே?

பைத்தான் எண்ணுறது எழுத்தை இல்ல, யூனிகோட் குறியீடுகளை. த ஒண்ணு, ம ஒண்ணு, இகரக் குறி ஒண்ணு, ழ ஒண்ணு, மேல இருக்குற புள்ளி ஒண்ணு. ஆக அஞ்சு. அதனாலதான் சொல்லைத் திருப்பிப் போட்டா புள்ளி அநாதையா முன்னாடி வந்து நின்னுச்சு, 'மி' போய் 'ழி' ஆச்சு. 'ஓபன்-தமிழ்'னு ஒரு லைப்ரரி இருக்கு, எழுத்து எழுத்தாவே பிரிச்சுக் குடுக்கும்னு காட்டினார். ரெண்டு வாரத் தலைவலி, பத்து நிமிஷத்துல முடிஞ்சுது.

அப்புறம் கேட்டார், "இவ்ளோ நாள் ஏன்ப்பா எங்கயும் கேக்கல?" பக் ரிப்போர்ட் எழுத பெரிய ஆளா இருக்கணும்னு நினைச்சிருந்தேன். என்ன செஞ்சே, என்ன எதிர்பார்த்தே, என்ன வந்துச்சு, எந்த வெர்ஷன். நாலு வரி போதும்னார். அந்த மாசமே வேறொரு லைப்ரரியோட டாக்குமென்டேஷன்ல ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்பினேன். சேத்துக்கிட்டாங்க. அம்மாகிட்ட கூட காட்டினேன், சிரிக்காதீங்க.

இந்த க்யூ எந்த வீடியோலயும் வராது மக்களே.

ரிவியூவா? எல்லாம் நல்லாத்தான் ஓடுச்சு, பேனல்ல இருந்த மேடம் 'ஸ்ரீ'ன்னு டைப் பண்ற வரைக்கும். அது தனி எபிசோட்.