பேட்டரிக் கட்டை விலையில் "சிண்டிகேட்"! கூட்டாளியே அப்ரூவர் ஆன கதை

சென்னை,

பெட்டிக்கடையில் டார்ச் லைட்டுக்கு பேட்டரிக் கட்டை வாங்கப் போகிறவர் என்ன கேட்பார்? "ஏம்பா, இது என்ன ரேட்டு? அது என்ன ரேட்டு?" என்பார். கடைக்காரர் இரண்டுக்கும் ஒரே ரேட்டைச் சொல்வார். "எல்லாக் கம்பெனியும் ஏத்திட்டான் சார், நான் என்ன பண்ண?" என்பார். வந்தவர் முணுமுணுத்துக்கொண்டே காசைக் கொடுத்துவிட்டுப் போவார்.

எல்லாக் கம்பெனியும் எப்படி ஒரே சமயத்தில் விலையை ஏற்றின? பேசி வைத்துக்கொண்டு ஏற்றின!

இது டீக்கடைச் சந்தேகம் அல்ல. டெல்லியில் உள்ள இந்திய தொழில் போட்டி ஆணையம் 2018-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி கொடுத்த உத்தரவு. 2008-ல் இருந்து 2016 ஆகஸ்டு வரை இந்தக் கூட்டு நடந்தது என்று அதில் சொல்லி இருக்கிறது.

3 கம்பெனிகள்

எவரெடி, நிப்போ, பானசோனிக். சாதாரண டார்ச் கட்டை வியாபாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இந்த மூவரிடம்தான் இருந்தது. இதில் நிப்போ கட்டையை விற்கும் "இந்தோ நேஷனல்" கம்பெனியின் தலைமை அலுவலகம் நம் சென்னையில்தான் இருக்கிறது.

ஊர்ப் பக்கம் புளியமர ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தையைச் சொல்லித்தர வேண்டாம். ஏலத்துக்கு முன்பே 4 பேர் மரத்தடியில் கூடுவார்கள். "இந்த வருஷம் நீ கேளு, நான் வாயைத் திறக்கலை" என்பார்கள். பஞ்சாயத்துக்கு வரவேண்டிய பணம் அங்கேயே கரைந்துவிடும். அதற்குப் பெயர் சிண்டிகேட்.

இங்கேயும் அதேதான். இடம் மட்டும் வேறு. முதலில் ஒரு கம்பெனி விலை ஏற்றத்தை வெளியே அறிவிக்கும். மற்றவர்கள் பின்னால் ஏற்றுவார்கள். யாராவது கேட்டால், "பெரியவன் ஏத்தினான், நாங்களும் ஏத்தினோம்" என்று சொல்லிவிடலாம் அல்லவா! விலையோடு நிற்கவில்லை. கடைக்காரருக்கு எவ்வளவு லாபம் விடுவது என்பதையும் சேர்ந்தே பேசினார்கள்.

காட்டிக் கொடுத்தது யார்?

கொலை வழக்கில் அப்ரூவர் ஆகிறவனைப் பற்றிப் படித்திருப்பீர்கள். வியாபாரச் சட்டத்திலும் அது உண்டு. சிண்டிகேட்டில் இருக்கும் ஒருவர் முதலில் ஓடிவந்து உண்மையை ஆதாரத்தோடு சொன்னால், அவருடைய அபராதம் முழுவதையும்கூட தள்ளுபடி செய்யலாம். இரண்டாவது வருகிறவருக்கு 50 சதவீதம் வரை. மூன்றாவது வருகிறவருக்கு 30 சதவீதம் வரை.

2016-ம் ஆண்டு முந்திக்கொண்டது பானசோனிக். அதை வைத்து ஆகஸ்டு 23-ந் தேதி 3 கம்பெனிகளிலும் அதிரடி சோதனை நடந்தது. கடிதங்கள் சிக்கின. அதற்குப் பிறகு மற்ற இரண்டு பேரும் "நாங்களும் சொல்கிறோம்" என்று வந்தார்கள். தாமதமாக வந்ததற்கு ஏற்ற சலுகைதான் கிடைத்தது.

எவரெடிக்கு 30 சதவீதம் கழித்து ரூ.171 கோடியே 55 லட்சம். நிப்போவுக்கு 20 சதவீதம் கழித்து ரூ.42 கோடியே 26 லட்சம். பானசோனிக் கட்ட வேண்டியது? ஒரு பைசாவும் இல்லை! (எவரெடி இந்த உத்தரவை எதிர்த்து அப்பீலுக்குப் போனது.)

கூட்டில் இருந்து சம்பாதித்தவன் தப்பிக்கலாமா என்று கோபம் வரும். நியாயமான கோபம்தான். ஆனால் பூட்டிய அறைக்குள் பேசியதை வேறு யார் வந்து சொல்வார்கள்? "பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் நாளைக்கே போய்ச் சொல்லிவிடுவானோ" என்ற பயம் இருந்தால்தான் அடுத்த கூட்டம் கூடாது.

கட்டை மாட்டியது, டார்ச் தப்பியது!

இதில் ஒரு வேடிக்கை. டார்ச் லைட் விலையிலும் கூட்டு இருந்ததாகத் தனி வழக்கு வந்தது. விலை பற்றிய தகவல்கள் கைமாறியது உண்மை. ஆனால் விலையைப் பேசி ஏற்றியதாகத் தீர்மானிக்க ஆதாரம் போதாது என்று 2019 ஜனவரியில் ஆணையம் அதை முடித்துவிட்டது. அப்ரூவர் வாயைத் திறந்தால் மட்டும் போதாது, கையில் சாட்சியமும் வேண்டும்.

"கட்டை விலைதானே, இதுக்குப் போய் இவ்வளவு சட்டமா?" என்று நினைக்கலாம். கட்டை வாங்குகிறவர் யார்? ராத்திரி காவல்காரர். கரண்டு வந்ததும் இருட்டில் மோட்டார் போடப் போகிற விவசாயி. அவர்களிடம் கட்டைக்குச் சில காசு கூடுதலாக எடுத்தால் அது கோடிக்கணக்கில் சேருகிறது.

இன்னொரு நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது. விலையைப் பேசி முடித்தவன், கட்டை கூடுதலாக 2 நாள் எரிவதற்கு எதற்கு மெனக்கெட வேண்டும்? எதற்குப் புது மிஷின் வாங்க வேண்டும்? போட்டி இல்லாத தொழில் தூங்கிவிடும். நாட்டின் வளர்ச்சி என்று பெரிதாகப் பேசுகிறோமே, அது இங்கேதான் அடிபடுகிறது.

முன்பு 1969-ம் ஆண்டின் ஏகபோகத் தடைச் சட்டம் இருந்தது. கம்பெனி எவ்வளவு பெரிசு என்பதில்தான் அதற்குக் கவலை அதிகம். 2002-ம் ஆண்டின் போட்டிச் சட்டம், பெரியவனோ சின்னவனோ, என்ன செய்தான் என்று பார்க்கிறது. சிண்டிகேட்டைத் தண்டிக்கும் பிரிவுகள் 2009 மே 20-ந் தேதிதான் அமலுக்கு வந்தன. நடந்த ஒவ்வொரு ஆண்டுக்கும், லாபத்தில் 3 மடங்கு வரை அல்லது விற்பனையில் 10 சதவீதம் வரை, எது அதிகமோ அதுவரை தீட்டலாம்.

நமக்கு என்ன கிடைக்கும்?

அபராதப் பணம் மத்திய அரசு கஜானாவுக்குப் போகும். கட்டை வாங்கியவர் கைக்கு வராது. நஷ்டஈடு கேட்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகச் சட்டத்தில் வழி இருக்கிறது. சில காசு நஷ்டத்துக்கு வக்கீல் வைத்து யார் போவார்?

தென் மாநிலங்களுக்கான ஆணையத்தின் மண்டல அலுவலகம் 2021 பிப்ரவரியில் சென்னையில் திறக்கப்பட்டது. முறைப்படி புகார் கொடுக்கக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டணம் கட்ட முடியாதவர் தகவலை மட்டும் எழுதி அனுப்பலாம். விஷயம் இருக்கிறது என்று பட்டால் ஆணையம் தானாகவே வழக்கு எடுக்கும். பேட்டரிக் கட்டை வழக்கும் அப்படித் தானாக எடுத்ததுதான்.